முதுகுத் தண்ணியில் சர்க்கரை பார்ப்பது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு முன்னால் பேசினவங்க வங்கிக் கடன் பத்தியும் கடல்பாசி வளர்ப்பு பத்தியும் பேசினாங்க. கையில காசு வர்ற விஷயம், கேட்கவும் நல்லா இருந்துச்சு. நான் பேசப் போறது காய்ச்சல் பத்தி. பின்வரிசைக்குச் சாம்பார் வாசம் வந்திருச்சுன்னு தெரியுது. இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துக்குங்க.

தலைவி ஒரு மாசம் முந்தியே கேட்டாங்க: "அக்கா, நீங்க முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவங்க, சுகர் பத்தி ஏதாச்சும் பேசுங்க." சரின்னுட்டேன். சுகர் பத்திதான் பேசுறேன். ஆனா இது ரத்தத்துல இருக்கிற சுகர் இல்லை. மூளையைச் சுத்தியும் முதுகுத்தண்டைச் சுத்தியும் ஒரு தண்ணி இருக்கு. அந்தத் தண்ணியில இருக்கிற சுகர்.

இங்க மக்களைத் தேடி மருத்துவத்துல தன்னார்வலரா வேலை பார்க்கிறவங்க கை தூக்குங்க. நிறையப் பேர் இருக்கீங்க. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில இந்தத் திட்டம் ஆரம்பிச்சப்ப, வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலைக்கு நம்ம சுயஉதவிக் குழுப் பெண்களைத்தான் எடுத்தாங்க. உங்க பையில பிரஷர் பார்க்கிற கருவி ஒண்ணு, சுகர் மெஷின் ஒண்ணு. விரல் நுனியில குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் காட்டினா, சில நொடியில எண் வந்துருது. அதே மெஷினை ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல வச்சு, ரத்தத்துக்குப் பதிலா அந்த முதுகுத் தண்ணியில ஒரு சொட்டு வச்சுப் பார்த்து, ஒரு பிள்ளைக்கு இன்ன வகை மூளைக்காய்ச்சலா இருக்கலாம்னு டாக்டர் முடிவெடுத்ததை நான் கண்ணால பார்த்திருக்கேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல்ல அந்தத் தண்ணி என்னன்னு சொல்லிடுறேன். தனுஷ்கோடிக்காரங்களுக்கு இது லேசாப் புரியும். கடலுக்குக் கூப்பிடு தூரத்துல மணலைத் தோண்டினா ஊத்துத் தண்ணி வரும், கரண்டியால கோரிக் கோரிக் குடத்துல ஊத்துவோம். பக்கத்துலயே உப்புக் கடல் கிடக்கும். ஊத்துல வர்றது தெளிஞ்ச நல்ல தண்ணி. அதே மாதிரி, ரத்தத்துலேர்ந்து மூளைக்குள்ள ஒரு தண்ணி ஊறுது. கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கும். பெரியவங்களுக்கு ஒரு நேரத்துல 150 மில்லி வாக்குல இருக்கும். ஒரு நாளைக்கு 500 மில்லி வரைக்கும் புதுசா ஊறிக்கிட்டே இருக்கும், பழசு ரத்தத்தோட கலந்து போயிரும். பரிசோதனைக்கு எடுக்கிறது மூணு நாலு மில்லி, ஒரு சின்னக் கரண்டி அளவு. அது திரும்ப ஊறுறதுக்குக் கால் மணி நேரம் போதும். "முதுகுல இருக்கிற சத்தையெல்லாம் உறிஞ்சிட்டாங்க"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்லை.

அந்தத் தண்ணியிலயும் சர்க்கரை உண்டு. மூளைக்குச் சாப்பாடே சர்க்கரைதான். சாதாரணமா, ரத்தத்துல எவ்வளவு இருக்கோ அதுல மூணுல ரெண்டு பங்கு முதுகுத் தண்ணியில இருக்கும். ரத்தத்துல 100 இருந்தா இங்கே 60, 65. பாக்டீரியாக் கிருமி உள்ளே புகுந்திருச்சுன்னா இந்தக் கணக்கு குலைஞ்சு போகும். கிருமியும், அதோட சண்டை போட வந்த வெள்ளை அணுக்களும் சர்க்கரையைத் தின்னுடும். ரத்தத்துலேர்ந்து சர்க்கரை உள்ளே வர்ற வழியும் வீக்கத்துல கெட்டுப்போகும். காசநோய்க் கிருமி வந்தாலும் இதேதான். வைரஸால வர்ற மூளைக்காய்ச்சல்ல பெரும்பாலும் சர்க்கரை குறையாது. அதனால ரத்தத்துல இருக்கிறதுல பத்துக்கு நாலு பங்குக்கும் கீழ போயிருச்சுன்னா டாக்டர் உஷாராயிருவாங்க.

இந்த இடத்தை நல்லா மனசுல வச்சுக்குங்க. ஒத்தை எண்ணை வச்சு எதுவும் சொல்ல முடியாது. நம்ம கணக்கு நோட்டுல வரவை மட்டும் பார்த்துக் குழு நல்லா நடக்குதுன்னு சொல்ல முடியுமா? செலவையும் பக்கத்துல வச்சுத்தானே பார்க்கணும். அதே மாதிரிதான் இதுவும். முதுகுத் தண்ணி எடுக்கும்போதே விரல் ரத்தமும் பார்க்கணும். ரெண்டையும் வகுத்துப் பார்க்கணும்.

முதுகுல ஊசி வச்சு இந்தத் தண்ணியை எடுக்கிற முறையை 1891-ல் குவின்கே என்ற ஜெர்மன் டாக்டர் வெளியிட்டார். நூத்தி முப்பது வருஷத்துக்கும் மேல ஆச்சு. புதுசா நம்ம மேல பரிசோதனை பண்றாங்கன்னு நினைக்கிறவங்களுக்காகச் சொல்றேன். சர்க்கரை பார்க்கிற வழிதான் காலத்துக்குக் காலம் மாறிக்கிட்டு வந்திருக்கு. நான் பயிற்சிக்குச் சேர்ந்த காலத்துல பெனடிக்ட் கரைசல்னு ஒண்ணு, நீலமா இருக்கும். கண்ணாடிக் குழாயில அதை ஊத்தி, கர்ப்பிணிகளோட சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்குல காய்ச்சுவோம். சர்க்கரை இல்லாட்டி நீலமே நிக்கும். கொஞ்சம் இருந்தா பச்சை, அப்புறம் மஞ்சள், ரொம்ப இருந்தா செங்கல் நிறம். இங்க இருக்கிற மூத்தவங்க சிலருக்கு நானே பார்த்திருக்கேன். அந்த நாத்தம் இன்னும் மூக்குல இருக்கு.

அப்புறம் குச்சி வந்துச்சு. அமெரிக்காவுல ஹெலன் ஃப்ரீன்னு ஒரு அம்மா, வேதியியல் படிச்சவங்க. அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் சேர்ந்துதான் சிறுநீர்ல முக்கி எடுத்தா நிறம் மாறுற குச்சியைக் கொண்டு வந்தாங்க, 1956-ல். அடுப்பும் வேண்டாம் குழாயும் வேண்டாம்னு ஆச்சு. நீங்க பையில வச்சிருக்கிற ஸ்ட்ரிப் அந்தக் குச்சியோட வம்சம்தான். மேடைக்கு மேடை பெண்களைப் பத்திப் பேசுறாங்க, இந்த அம்மா பேரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அதான் சொன்னேன். சிறுநீருக்குன்னு செஞ்ச அதே குச்சியை முதுகுத் தண்ணியில முக்கிப் பார்த்து, பாக்டீரியா மூளைக்காய்ச்சலைச் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியுமான்னு நம்ம மும்பை டாக்டர்கள் 2004-ல் எழுதியிருக்காங்க. பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் சுகர் மெஷினையே வச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. லேப் இல்லாத இடத்துலயும் லேப் பூட்டிக் கிடக்கிற நேரத்துலயும் என்ன பண்றதுங்கிறதுதான் எல்லாருக்கும் கேள்வி.

நமக்கு அந்தக் கேள்வி எப்பவும் இருந்தது. 1964 டிசம்பர் புயல் வர்றதுக்கு முன்னால தனுஷ்கோடியிலேயே ரயில்வே ஆஸ்பத்திரி ஒண்ணு இருந்துச்சுன்னு எங்கம்மா சொல்வாங்க. புயலுக்கப்புறம் அங்கே குடியிருந்தவங்களுக்கு எந்த ஆஸ்பத்திரியும் கிடையாது. 1988-ல் பாம்பன் ரோட்டுப் பாலம் திறக்கிற வரைக்கும் தீவை விட்டு வெளியே போக ரயிலை விட்டா தோணி. அதுக்கப்புறமும் தனுஷ்கோடிக்கு ரோடு இல்லை. 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்த பிறகுதான் கதை மாறுச்சு.

ரோடு வர்றதுக்கு முந்தி, 2010-ல் நடந்ததைச் சொல்றேன். நான் அப்ப பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில இரவுப் பணியில் இருந்தேன். அஞ்சு வயசுப் பையன். தனுஷ்கோடிக் குடிசையிலேர்ந்து மீன் ஏத்துற வண்டியில, மணல்ல தட்டுத் தடுமாறி முகுந்தராயர் சத்திரம், அங்கேர்ந்து ஆட்டோவுல ராமேஸ்வரம், அங்கேர்ந்து 108-ல எங்ககிட்ட. வந்து சேரும்போது ராத்திரி ரெண்டு மணி. ரெண்டு நாளாக் காய்ச்சல், சாயங்காலம் ரெண்டு தடவை வெட்டு வந்திருக்கு. கண்ணு செருகிக் கிடக்குது.

அந்தக் காலத்துல இந்தத் தீவுல மலேரியா ஜாஸ்தி. காய்ச்சலும் வெட்டும்னு பிள்ளை வந்தா, மலேரியா மூளைக்கு ஏறிருச்சான்னு முதல்ல பார்ப்போம். சின்னப் பிள்ளைகளுக்கு வெறும் காய்ச்சல் வேகத்துலயும் வெட்டு வரும். பையனுக்குக் கழுத்து விறைப்பு இருந்தும் இல்லாத மாதிரி இருந்துச்சு. மூளைக்காய்ச்சல்னு சந்தேகம் பலமா இருந்தா எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்காம மருந்து போடணும். அதுதான் முறை. இங்கே மூணு வழியிலயும் சந்தேகம் போச்சு. லேப் காலையில எட்டு மணிக்குத்தான் திறக்கும். பணியில இருந்தவர் சின்ன வயசு டாக்டர், முதுகுத் தண்ணி எடுத்துப் பார்த்துடலாம்னார்.

அப்பத்தான் பையனோட அப்பத்தா குறுக்கே வந்து கட்டிலை மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. "எம் பேரனை முடமாக்கவா இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தோம்? முதுகுல குத்துனா இடுப்புக்குக் கீழ விளங்காதுல்ல!"

நான் கேட்டேன்: "ஆத்தா, உன் மருமக இந்தப் பிள்ளையை எப்படிப் பெத்தா?"

"ஆபரேசன்தேன்."

"ஆபரேசனுக்கு முந்தி உக்கார வச்சு முதுகுல ஊசி போட்டாங்களா?"

மருமக தான் பதில் சொன்னா: "போட்டாக, சிஸ்டர்."

"இப்ப நடக்குறாளா இல்லையா?"

அப்பத்தா மருமகளை மேலயும் கீழயும் பார்த்துச்சு. "நடக்குறதுக்கென்ன, ஊரெல்லாம் சுத்துறா"ன்னுட்டு நகர்ந்து வழி விட்டுச்சு. அந்த நேரத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

இதை நான் வேடிக்கைக்குச் சொல்லலை. இங்க உட்கார்ந்திருக்கிறவங்கள்ல சிசேரியன் ஆனவங்க எத்தனை பேர்னு கேட்டா பாதிக் கை மேல போகும். உங்க முதுகுல ஊசி போன இடமும், முதுகுத் தண்ணி எடுக்கிற இடமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தண்டுவடம்ங்கிற நரம்புக் கயிறு இடுப்புக்கு மேலேயே முடிஞ்சுரும். அதுக்குக் கீழே ரெண்டு மூணு எலும்பு தள்ளித்தான் ஊசி வைக்கிறாங்க. அங்கே தண்ணியும் மெல்லிசு நரம்பு இழைகளும்தான் இருக்கும், ஊசி வந்தா இழைகள் விலகிக் குடுக்கும். சிலருக்கு ரெண்டு மூணு நாள் தலைவலி வரும், அது உண்மை. மூளையில அழுத்தம் ஜாஸ்தியா இருக்கிற அறிகுறி தெரிஞ்சாலோ, ரத்தம் உறையாத நோய் இருந்தாலோ, ஊசி வைக்கிற இடத்துல புண் இருந்தாலோ டாக்டரே எடுக்க மாட்டாங்க, முதல்ல ஸ்கேன் பார்க்கச் சொல்வாங்க. அதையெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. கேளுங்க. கேட்காமலே கையெழுத்துப் போட மாட்டேன்னு தூக்கிட்டுப் போகாதீங்க.

பையனை ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, முழங்காலை வயித்தோட மடக்கி நான் பிடிச்சுக்கிட்டேன், இறால் மாதிரிச் சுருண்டிருக்கணும். தண்ணி வந்துச்சு. பளிச்சுன்னு இல்லை, லேசா மப்பு. அரிசி கழுவின ரெண்டாம் தண்ணின்னு வச்சுக்குங்களேன். லேப்புக்கு மூணு குழாயில பிடிச்சோம். கடைசியா ஒரு சொட்டு. "சிஸ்டர், சுகர் மெஷினை எடுங்க"ன்னார் டாக்டர். நான் அதுக்கு முந்தி அப்படிப் பார்த்ததே இல்லை.

முதுகுத் தண்ணி 24. உடனே விரல் ரத்தம் பார்த்தோம், 118. அஞ்சுல ஒரு பங்கு.

"காலையில லேப்ல என்ன வந்தாலும் வரட்டும், மலேரியா மருந்தோட இதையும் இப்பவே ஆரம்பிச்சிருவோம்"னு சொல்லி, பாக்டீரியாவுக்கான ஊசியும், வீக்கத்தைக் குறைக்கிற ஊசியும் பத்து நிமிஷத்துக்குள்ள ஏத்தச் சொன்னார். காலையில லேப்ல சர்க்கரை 21-ன்னு வந்துச்சு. கிருமி இன்னதுன்னு வளர்த்துப் பார்த்துச் சொல்ல மூணு நாள் ஆச்சு. மூணு நாள் அந்தப் பிள்ளை காத்திருந்திருக்க முடியாது. பிழைச்சான். இடது காது போச்சு. இப்ப அப்பாவோட கடலுக்குப் போறான். காத்துச் சத்தத்துல வலப்பக்கம் நின்னு பேசணும் அவன்கிட்ட.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி, பாக்டீரியா மூளைக்காய்ச்சல் வந்தவங்கள்ல ஆறு பேருக்கு ஒருத்தர் இறந்துடுறாங்க. அஞ்சு பேருக்கு ஒருத்தருக்குக் காதோ கண்ணோ புத்தியோ கை காலோ பாதிக்குது. நேரம்தான் இதுல பெரிய விஷயம்.

இந்த மெஷினைப் பத்திப் பெருமையாப் பேசிட்டேன், அதோட குறையையும் சொல்லணும். இது ரத்தத்துக்குன்னு செஞ்ச கருவி. ரத்தத்துல சிவப்பணு இருக்கும்ங்கிற கணக்கை உள்ளே வச்சுத்தான் எண்ணைக் காட்டுது. முதுகுத் தண்ணியில சிவப்பணு கிடையாது, அதனால எண் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். ரொம்பக் குறைஞ்சா பல மெஷின்ல எண்ணே வராது, "லோ"ன்னு நிக்கும். மெஷின் செய்யிற கம்பெனிகளும் இதுக்குப் பயன்படுத்தலாம்னு சொல்லலை. அதனால லேப்புக்கு அனுப்பாம இதை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது. லேப் பதில் வர்ற வரைக்கும் வழிகாட்ட ஒரு கைவிளக்கு, அவ்வளவுதான். மெஷின் நல்ல எண்ணைக் காட்டினாலும், பிள்ளையைப் பார்த்தா சரியில்லைன்னு டாக்டருக்குத் தோணுச்சுன்னா மருந்து போட்டுத்தான் ஆகணும். லேப்புக்குப் போற குழாயும் சும்மா மேசையில கிடக்கக் கூடாது. கிடந்தா அதுல இருக்கிற அணுக்களே சர்க்கரையைத் தின்னு, இல்லாத குறைவைக் காட்டும். 55 கிலோமீட்டர் பஸ்ஸுல மாதிரி அனுப்பின காலத்துல இது பெரிய தொல்லை.

இன்னொரு சிக்கல் சுகர்காரங்ககிட்ட வரும். அதுக்கு ஒரு அம்மாவைப் பத்திச் சொல்லணும். பேர் சொல்ல மாட்டேன், சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும்.

கடல்பாசி எடுக்கப் போறவங்க. முகத்துல கண்ணாடியும் கால்ல ரப்பர்ச் செருப்பும் மாட்டிக்கிட்டு முங்கி முங்கி எடுத்தே மூணு பிள்ளையை வளர்த்தவங்க. நாப்பத்தாறு வயசு. குழுவுல பிரதிநிதி. சுகர் இருந்துச்சு. மூணு வாரமாச் சாயங்காலக் காய்ச்சல், தலைவலி. அப்புறம் கணக்கு நோட்டைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்களாம். சம்பந்தம் இல்லாமப் பேச ஆரம்பிச்சாங்க. ஒரு ஆஸ்பத்திரியில முதுகுத் தண்ணி எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. அங்கேயே வெளியில நின்ன ஒருத்தர், "எடுத்தா எந்திரிக்கவே மாட்டாங்க"ன்னு சொல்லிட்டார். வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டாங்க. மந்திரிச்சாங்க, கயிறு கட்டினாங்க. கயிறு கட்டுறதை நான் குத்தம் சொல்லலை, எங்க வீட்டுலயும் கட்டுவோம். கட்டின கையோட ஆஸ்பத்திரிக்கும் வரலாம். நாலு நாள் கழிச்சு, நினைவு தப்பின பிறகு எங்ககிட்ட வந்தாங்க.

தண்ணி எடுத்தோம். தெளிவாத்தான் இருந்துச்சு. மெஷின்ல 72. பக்கத்துல இருந்த பயிற்சிச் செவிலியப் பிள்ளை, "72 நார்மல்தானே சிஸ்டர்"னுச்சு. புத்தகத்துல 45-லேர்ந்து 80 வரைக்கும்னு போட்டிருக்கும், அது சொன்னதுல தப்பில்லை. "விரல் ரத்தம் பாரு"ன்னேன். 310. அந்த ரத்தத்துக்கு முதுகுத் தண்ணியில இதைப் போல ரெண்டு மடங்காவது இருந்திருக்கணும். இருந்தது கால் பங்குக்கும் கீழே. சுகர் ரொம்ப ஏறியிருந்தா இந்தப் பங்குக் கணக்கு கொஞ்சம் சறுக்கும்தான், இருந்தாலும் இது அந்தச் சறுக்கலையும் மீறின குறைவு. கொஞ்ச நேரம் முந்தி குளுக்கோஸ் பாட்டில் ஏத்தியிருந்தாலும் கணக்கு தப்பும். ரத்தத்துல ஏறினது முதுகுத் தண்ணிக்குப் போய்ச்சேர ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். அதனாலதான் நோயாளிக்கு வழியில என்ன குடுத்தீங்க, என்ன ஏத்தினாங்கன்னு நாங்க துருவித் துருவிக் கேட்கிறது.

குழாயை அசைக்காம வச்சிருந்தோம். மறுநாள் அதுக்குள்ள சிலந்தி வலை மாதிரி ஒரு மெல்லிசு ஆடை தொங்குச்சு. அது காசநோய் மூளைக்காய்ச்சலோட பழைய அடையாளம். ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனையிலயும் காசநோய்னு உறுதியாச்சு. மருந்து முந்தின நாளே ஆரம்பிச்சுட்டோம். பதினோராம் நாள் தவறிட்டாங்க.

காசநோய் மூளைக்காய்ச்சல்ல நினைவு தெளிவா இருக்கிறப்பவே வந்து சேர்றவங்களுக்கும் நினைவு தப்பின பிறகு வர்றவங்களுக்கும் பிழைக்கிற வாய்ப்புல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சென்னையில காசநோய் ஆராய்ச்சி மையமும் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் சேர்ந்து 1980-களில் பிள்ளைகளுக்குச் சிகிச்சை குடுத்துப் பார்த்தப்பவும் இதுதான் தெரிஞ்சுச்சு: எந்தக் கட்டத்துல வந்து சேர்ந்தாங்கங்கிறது முடிவைப் பெரிசா மாத்துது. அந்த அம்மா நாலு நாள் முந்தி வந்திருந்தா பிழைச்சிருப்பாங்களான்னு என்கிட்ட அவங்க மக கேட்டா. வாய்ப்பு கூடுதலா இருந்திருக்கும்னுதான் சொன்னேன். அந்தப் பிள்ளை இன்னைக்கு இந்தக் கூட்டத்துல இருக்கு. சொல்லலாமான்னு கேட்டுக்கிட்டுத்தான் சொல்றேன்.

வீட்டுல நீங்க பார்க்க வேண்டிய அறிகுறியைச் சொல்றேன். கைக்குழந்தைன்னா உச்சிக்குழி புடைச்சிருக்கும், பால் குடிக்காது, கீச்சுன்னு ஒரு மாதிரி அழும், தூக்கினா இன்னும் அழும். பெரிய பிள்ளைங்க, பெரியவங்கன்னா காய்ச்சலோட தாங்க முடியாத தலைவலி, வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாம கண்ணைப் பொத்திக்கிறது, நாடியை நெஞ்சுல தொட முடியாத கழுத்து விறைப்பு, வெட்டு, தூங்கி வழியறது. அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளி உடம்புல வந்தா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. காசநோய் வகை மெதுவா வரும்: ரெண்டு மூணு வாரமா விட்டு விட்டுக் காய்ச்சல், இளைப்பு, குணம் மாறிப்போறது. "பொம்பளைக்குப் பேய் பிடிச்சிருச்சு"ன்னு சொல்ற இடத்துல ஒரு தடவை காய்ச்சல் இருக்கான்னு தொட்டுப் பாருங்க.

தன்னார்வலர்களுக்குத் தனியா ஒண்ணு. காய்ச்சலோ வெட்டோ, நினைவில்லாமக் கிடக்கிறவங்களைப் பார்த்தா முதல்ல 108-க்குப் போன். வண்டி வர்ற நேரத்துல விரல் ரத்தத்துல சுகர் பார்த்து, எண்ணையும் நேரத்தையும் ஒரு சீட்டுல எழுதிக் கையில குடுத்து விடுங்க. சுகர் இறங்கியும் வெட்டு வரும், அது உடனே சரி பண்ணக் கூடியது. மூளைக்காய்ச்சலா இருந்தாலும் அந்த எண் டாக்டருக்கு உதவும். நினைவில்லாதவங்க வாயில தண்ணியோ சர்க்கரையோ ஊத்தாதீங்க, புரை ஏறிடும்.

தடுப்பூசியைச் சீக்கிரமாச் சொல்லிடுறேன், கிராமச் செவிலியர் ஏற்கெனவே உங்களை விரட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. பிறந்ததும் போடுற பி.சி.ஜி., பிள்ளைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சல்லேர்ந்து காக்கத்தான் முக்கியமா இருக்கு. 2011 டிசம்பர்ல நாட்டுலயே முதல்ல தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும் வந்த ஐந்து நோய்த் தடுப்பூசியில, மூளைக்காய்ச்சல் கிருமி ஒண்ணுக்கும் தடுப்பு சேர்ந்திருக்கு. நான் சொன்ன பையன் அதுக்கு முந்தி பிறந்தவன். 2021-லேர்ந்து நிமோனியாத் தடுப்பூசியும் இலவசமாப் போடுறாங்க, அதுவும் இதுக்கு உதவும். கடலுக்குப் போற சீசன்ல ஊர் மாறிப் போறவங்க தடுப்பூசி அட்டையைக் கூட எடுத்துட்டுப் போங்க.

இப்போ கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். ராமநாதபுரத்துல 2022 ஜனவரியில மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு. மதுரை வரைக்கும் ஓட வேண்டியது குறைஞ்சிருக்கு. ஆம்புலன்ஸ் இலவசம், அரசு ஆஸ்பத்திரியில பரிசோதனையும் இலவசம். அப்புறம் ஏன் தாமதம்னு நான் கேட்காத குடும்பம் இல்லை. கையில ஐநூறு ரூபாய் இல்லை சிஸ்டர், கூட ரெண்டு பேர் தங்கணும், சாப்பிடணும், திரும்பி வரணும், போட்டு போகாத நாள்ல யார்கிட்டக் கேட்கிறதுன்னு சொல்வாங்க. பெரும்பாலும் இதுதான் பதில். குழுவுல பணம் இருக்கு, ஆனா கூட்டம் கூடித் தீர்மானம் எழுதினாத்தான் எடுக்க முடியும். கூட்டம் அடுத்த வாரம். காய்ச்சல் அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்குமா?

ஒவ்வொரு குழுவும் இப்பவே ஒரு தீர்மானம் எழுதி வச்சுக்கலாம். ஆஸ்பத்திரி அவசரத்துக்கு ரெண்டாயிரமோ மூவாயிரமோ, குழு முடிவு பண்ற அளவு, ஊக்குநரும் ஒரு பிரதிநிதியும் போன்ல பேசி அந்த நிமிஷமே குடுக்கலாம், அடுத்த கூட்டத்துல நோட்டுல ஏத்திக்கலாம்னு. வங்கி மேலாளர் சார் இங்கேயே இருக்கார், குழுவோட உள்கடன்ல இதுக்குத் தடை இருக்கான்னு அவர்கிட்டயே கேட்டுக்குங்க. இன்னொண்ணு, பணத்தோட ஒரு ஆளும் போகணும். முதுகுல ஊசின்னு சொன்னதும் வீட்டு ஆம்பளைங்க மிரளுறப்ப, "எனக்கும் போட்டாங்க, பாருங்க நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்ல, சிசேரியன் ஆன ஒருத்தி கூட இருந்தா நாங்க பேசுற பத்து நிமிஷம் மிச்சம்.

கடைசியா ஸ்ட்ரிப் டப்பா. போன வாரம் ஒரு தன்னார்வலர் வீட்டுல பார்த்தேன், மூடி திறந்து அடுப்பு மேடையில இருக்கு. நம்ம ஊர் கடல் காத்துல ஈரமும் உப்பும் எப்படின்னு உங்களுக்குத் தெரியும், ரெண்டு வருஷத்துல இரும்புக் கதவே துருப்பிடிச்சு உதிருது. ஸ்ட்ரிப்புல தடவியிருக்கிற மருந்து அதைவிட மெல்லிசு. ஒண்ணை எடுத்ததும் மூடிடுங்க, ஈரக் கையால தொடாதீங்க, வெயில்லயும் வைக்காதீங்க. திறந்த தேதியை டப்பா மேலேயே பேனாவால எழுதுங்க, திறந்த பிறகு எத்தனை மாசம்னு அதுலயே அச்சடிச்சிருக்கும். மெஷின் காட்டுற எண் உங்களுக்கே சந்தேகமா இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மெஷினோட வந்து ஒப்பிட்டுப் பாருங்க. டப்பாவைக் கொண்டு வந்திருக்கிறவங்க சாப்பிட்டதும் அந்த வேப்ப மரத்தடிக்கு வாங்க, நான் அங்கதான் இருப்பேன், ஒவ்வொண்ணாப் பார்த்துச் சொல்றேன்.